நோலனில் நிற்கும் பதினேழாம் எண் ரயில்

மேடையில் வீற்றிருக்கும் எங்கள் சங்கத் தலைவர் திருமதி வெர்னா ஸ்டக்கி அவர்களே, ஜெபம் செய்து கூட்டத்தைத் தொடங்கி வைத்த பாதிரியார் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எமிலின் துணைவியார் லாரூ அம்மையாரே, சனிக்கிழமைதோறும் இந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ரயில் ஓட்டும் தோழர்களே, ரயிலுக்கும் தங்களுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்றாலும் எமிலுக்காக வந்திருக்கும் ஹெல்ப்பர் ஊர்ப் பெருமக்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் ரூலன் ஜெப்சன். முப்பத்தொரு ஆண்டுகள் இந்த ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டினேன். இங்கே இருப்பவர்களில் பாதிப் பேரை நான் ஏற்றி இறக்கியிருக்கிறேன். சிலரை அவர்கள் செய்த சேட்டைக்காக நடுவழியில் இறக்கியும் விட்டிருக்கிறேன். மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. அதனால் எமில் கிரிஷ்மன் அவர்களைப் பற்றி மூன்று தாள்கள் எழுதிக்கொண்டு வந்தேன். சற்றுமுன் படித்துப் பார்த்தேன். முதல் தாளில் எழுதியதை மூன்றாம் தாள் மறுக்கிறது. இரண்டாம் தாளை எதற்காக எழுதினேன் என்றே புரியவில்லை. ஆகவே மூன்றையும் மடித்துப் பையில் வைத்துவிட்டேன். என் பேச்சு குழப்பமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வாரமாக என் தலையே குழம்பித்தான் கிடக்கிறது.

யார் இந்த எமில் கிரிஷ்மன்? சுரங்கத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகள் மின் வேலை பார்த்தவர். அது எல்லோருக்கும் தெரியும். ஞாயிறு காலை தேவாலயத்தில் பின் பெஞ்சில் உட்கார்ந்து சட்டைப்பையில் இருக்கும் பழைய ரயில் அட்டவணையைப் படித்தவர். அது பாதிரியாருக்கும் தெரியும்! ஆனால் எங்களுக்கு அவர் யார்? எங்களுக்கு அவர் கட்டுப்பாட்டாளர். இருபத்தாறு ஆண்டுகள், ஒரு சனிக்கிழமை விடாமல், எந்த ரயில் எங்கே போக வேண்டும், எது எதற்காக ஒதுங்கி நிற்க வேண்டும் என்று தீர்மானித்த ஒரே மனிதர்!

ரயில் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாம் நிற்கும் இந்த மரத்தரைக்குக் கீழே நம் ஊரே இருக்கிறது, எண்பத்தேழில் ஒரு பங்கு அளவுள்ள மாதிரியாக. ஹெல்ப்பர் நிலையத்திலிருந்து சோல்ஜர் சம்மிட் உச்சி வரை ரியோ கிராண்டே ரயில் கம்பெனியின் மலைப்பாதை முழுவதும் சுவரை ஒட்டி ஏறுகிறது. மரங்களெல்லாம் நம் காட்டுச் சேஜ் செடியின் காய்ந்த குச்சிகள். சரக்கு வண்டிகளில் இருப்பது உண்மையான நிலக்கரி, எமில் சுத்தியலால் உடைத்துச் சலித்தது. எதில் சலித்தார் தெரியுமா? அம்மையாரே, நான் சொல்லலாம் அல்லவா? மாவுச் சல்லடையில்! "மூணு வருஷம் நான் சுட்ட பிஸ்கட்டெல்லாம் ஏன் சாம்பல் கலர்ல வருதுன்னு தெரியாம அடுப்பைக் கழற்றி மாட்டினேன் ரூலன்" என்று லாரூ அம்மையார் என்னிடம் புலம்பியிருக்கிறார். எமில் அந்த மூன்று வருடமும் அந்தப் பிஸ்கட்டுகளைக் காரணம் சொல்லாமல் சாப்பிட்டிருக்கிறார்.

கீழே எப்போதும் ஒரே நாள்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்று, அக்டோபர் பதினாறு, செவ்வாய்க்கிழமை. இருபத்தாறு ஆண்டுகளாக அந்தச் செவ்வாய்க்கிழமையைத்தான் நாங்கள் திரும்பத் திரும்ப ஓட்டுகிறோம். அதற்குப் பிறகு வந்த கார் ஒன்றும் சாலையில் நிற்கக் கூடாது. அதற்குப் பிறகு வந்த விளம்பரப் பலகை கூடாது. ஒருமுறை எங்கள் சங்கத்து டேரல் ஒரு நிலையத்தின் உள்சுவரில் காலண்டர் ஒட்டினான். அரிசியில் பாதி அளவுகூட இருக்காது. எமில் அன்று உருப்பெருக்கிக் கண்ணாடியோடு வந்திருந்தார்.

"டேரல், இது அடுத்த வருஷக் காலண்டர்."

"எமில், வெளியிலேருந்து பார்த்தா அங்க சுவர் இருக்கிறதே தெரியாது."

"அக்டோபர் ஒண்ணாம் தேதி புதன்கிழமைல வருது. ஐம்பத்தொண்ணுல அது திங்கள். கழற்று."

கழற்றினான். கூரையைப் பிரித்துத்தான் கழற்ற முடிந்தது!

ஏன் அந்த நாள்? அக்டோபர் பதினாறில் அப்படி என்ன நடந்தது? அவருக்கு அப்போது ஆறு வயது. ஏதாவது விபத்தா? அவர் அப்பா வேலையில் சேர்ந்த நாளா? அம்மா இறந்த நாளா? இல்லை, நான் தேடிப் பார்த்துவிட்டேன், எதுவுமே இல்லை. கேட்டால், "ஏதாவது ஒரு நாள் வேணும்ல" என்பார். ஏதாவது ஒரு நாளுக்காகவா ஒரு மனிதர் கூரையைப் பிரிப்பார்? எனக்குப் புரியவில்லை. லாரூ அம்மையாருக்கும் தெரியாது. இப்போது கேட்க ஆளுமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இத்தனை பெரிய ரயில்பாதைக்கு அதிகாரியாக இருந்தாரே, அவர் ரயில்கள் ஓடுவதைப் பார்த்ததே இல்லை! ஆம், பார்த்ததே இல்லை! கட்டுப்பாட்டாளர் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் ஒரு துணி அலமாரி அளவு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு தொலைபேசியையும் ஒரு பெரிய தாளையும் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். அது அன்றைய வழக்கம், ஆகவே எங்கள் வழக்கமும் அதுவே. நிலையங்களிலிருந்து நாங்கள் போனில் சொல்வதை வைத்து அவர் தாளில் நேரம் குறிப்பார். ஆட்டம் முடிந்ததும் வெளியே வந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு, "பதினேழாம் நம்பர் ரயில் மலை எப்படி ஏறிச்சு? நல்லா ஏறிச்சா?" என்று கேட்பார். நன்றாக ஏறியது என்போம். அதிலேயே அவருக்குத் திருப்தி.

குழாய் வெடித்துக் கீழ்த்தளத்தில் முழங்கால் வரை தண்ணீர் நின்ற அந்த ஜனவரியை நினைத்துப் பாருங்கள்! நாங்கள் எல்லோரும் படிக்கட்டில் நின்று தலையில் கை வைத்தோம். இறங்கியவர் யார்? எமில்! நானூற்றுப் பன்னிரண்டு வண்டிகளையும் ஒவ்வொன்றாக, வீட்டுத் துண்டில் சுற்றி, பனி நீரில் நின்று மேலே கொடுத்தவர் யார்? எமில்! மறுநாள் இன்ஜின் மோட்டார்களையெல்லாம் அடுப்பில் இளஞ்சூட்டில் உலர்த்தி, அன்றைய வான்கோழியைப் பாழாக்கியவர் யார்? அவர்தான், எமில் கிரிஷ்மன்தான்! இப்படிப்பட்ட மனிதரைப் பற்றிப் புகழ்ந்து பேசுவது எளிது. நான் பேச வந்தது அது மட்டுமில்லை. மேலே போவதற்குள் கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

ஐந்து வாரத்துக்கு முன் நடந்த சனிக்கிழமை ஆட்டத்துக்கு வருகிறேன்.

ஒற்றைத் தடத்தில் இரண்டு ரயில்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று பக்கப் பாதையில் ஒதுங்க வேண்டும். எது ஒதுங்குவது என்பதைக் கட்டுப்பாட்டாளர் போனில் ஆணையாகச் சொல்வார். நிலைய அதிகாரி அதை மெல்லிய தாளில் எழுதிக்கொள்வார். எழுதியதை ஒரு சொல் மாறாமல் திருப்பிப் படிப்பார். கட்டுப்பாட்டாளர் "கம்ப்ளீட்" என்று சொல்லி நேரத்தையும் சொன்னால், அந்த நொடியில் அது ஆணை. அதன்பின் அந்த ஆணை நிறைவேற வேண்டும், அல்லது வேறோர் ஆணை அதை மாற்ற வேண்டும், அல்லது அது ரத்தாக வேண்டும். இந்த மூன்றில் ஒன்று நடக்கும் வரை அது உயிரோடு இருக்கும். ஜனாதிபதியே வந்து தள்ளினாலும் ரயில் நகராது.

அன்று ஹெல்ப்பர் நிலைய மேசையில் இருந்தவன் நான். நிஜ நேரத்தைவிட வேகமாக ஓடும் எங்கள் ஆட்டக் கடிகாரத்தில் காலை ஒன்பது பத்து. போன் மணி அடித்தது.

"ஹெல்ப்பர், ஆர்டர் எழுதிக்கோ."

"சொல்லுங்க எமில்."

"பதினேழாம் எண் ரயில் நோலன்ல காத்திருக்கணும். ஸ்பெஷல் 5762 இறங்கி வந்து சேர்ற வரைக்கும்."

எழுதினேன். திருப்பிப் படித்தேன். "கம்ப்ளீட், ஒன்பது பன்னிரண்டு" என்றார். பதினேழாம் எண் ரயில் மலை ஏறும் வழியில் இருக்கும் நோலன் பக்கப் பாதையில் போய் நின்றது.

பெரியோர்களே, பதினேழாம் எண் என்பது முதல் தரப் பயணிகள் ரயில். அதற்காக மற்றதெல்லாம் ஒதுங்கும், அது எதற்காகவும் ஒதுங்காது. அப்படிப்பட்டது அட்டவணையில் இல்லாத ஒரு ஸ்பெஷலுக்காக நின்றதை எமிலின் காலத்தில் நாங்கள் பார்த்ததில்லை. சரி, நின்றது. ஸ்பெஷல் வந்ததா? வரவில்லை. பத்து மணி. பதினொன்று. நடுப்பகல். மலை உச்சி நிலையத்தில் இருந்தவனிடம் கேட்டால், "எந்த ஸ்பெஷல்? இங்க ஒரு ஈகூட இல்லையே" என்றான். ஆட்டம் முடிந்தது. எமில் அறையை விட்டு வெளியே வந்தார், கண்ணைக் கசக்கினார். பதினேழு எப்படி ஏறியது என்று அன்று அவர் கேட்கவில்லை. தொப்பியை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். புதன்கிழமை விழுந்தார். பிரைஸ் மருத்துவமனையில் நினைவு திரும்பாமல் நாலு வாரம் கிடந்தார். பிறகு போய்விட்டார்.

அந்த ரயில் இன்னும் அங்கேயே நிற்கிறது. இப்போதும், நான் இதைச் சொல்லும்போதும், நம் காலடியில் நோலனில் நிற்கிறது!

அடுத்த சனிக்கிழமை அதைச் சுற்றித்தான் மற்ற ரயில்களை ஓட்டினோம். அதற்கடுத்த சனிக்கிழமையும் அப்படியே. "சாப்பாட்டுப் பெட்டில சூப் தீர்ந்திருக்கும். ஜனங்க இறங்கி நடந்தே சால்ட் லேக் போயிருப்பாங்க" என்றான் டேரல். எல்லோரும் சிரித்தோம், ஆனால் ஒருவரும் அதன்மேல் கை வைக்கவில்லை. வெளியாட்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். கையால் எடுத்து மேலே வைத்தால் ஆயிற்று, என்ன ஆணை, என்ன ரத்து! என் மனைவியே கேட்டாள். அவளுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? இருபத்தாறு ஆண்டுகளாக நாங்கள் கையால் எடுத்து வைத்ததில்லை. அவ்வளவுதான் பதில்.

5762 எது? அதுதான் கேள்வி. அட்டவணையில் இல்லாத ரயிலுக்குத் தனிப்பெயர் கிடையாது, இழுக்கும் இன்ஜினின் எண்தான் அதன் பெயர். எங்களிடம் 5762 என்று ஓர் இன்ஜினும் இல்லை. தலைவர் வெர்னா அவர்கள் ஒவ்வோர் இன்ஜினுக்கும் நாங்கள் எழுதி வைக்கும் பதிவு அட்டைகளையெல்லாம் புரட்டினார். டேரலும் மற்றவர்களும் இரண்டு சனிக்கிழமை அலமாரிகளை இறக்கி, பெட்டி பெட்டியாகத் திறந்து பார்த்தார்கள். இல்லை. கடைசியில் என்னைக் கட்டுப்பாட்டாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்ந்தெடுத்த கையோடு வெர்னா அவர்கள் சொன்னார்.

"ரூலன், இப்ப அதிகாரம் உங்க கைல. ஒரு வரி எழுதி ரத்து பண்ணிடுங்க. கிரிஷ்மன் நம்பரைத் தப்பாச் சொல்லியிருப்பார். வயசாயிடுச்சு, எல்லாருக்கும் வர்றதுதான்."

நியாயமான பேச்சு. நான் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று கேட்டதற்கு, துக்கம் முடியட்டும் என்றேன். அது பொய். இந்த மேடையில் நின்று சொல்கிறேன், தோழர்களே, அது பொய்.

5762 எது என்று எனக்குத் தெரியும். எமில் போனில் சொன்ன அந்த நொடியிலேயே தெரியும்.

பதினொரு ஆண்டுகளுக்கு முன்பு நடந்ததைச் சொல்கிறேன். பழைய உறுப்பினர்கள் மூவருக்கு மட்டும் நினைவிருக்கும், அவர்களுக்கும் எண் மறந்திருக்கும். கஸ் மவ்ராகிஸ் அன்று எங்களில் ஒருவர். எமிலுக்குக் கஸ் யார்? ஒரே தெரு, ஒரே வகுப்பு, ஒரே சுரங்கம். கஸ் வீட்டு ஈஸ்டர் ஆட்டுக்கறி எமில் வீட்டுக்குப் போகும், எமில் வீட்டு வால்நட் ரொட்டி கஸ் வீட்டுக்கு வரும். கஸ்ஸின் அப்பா ரியோ கிராண்டேயில் இன்ஜின் ஓட்டியவர். ஐம்பத்திரண்டு பிப்ரவரியில் புத்தம் புதிய டீசல் இன்ஜின் ஒன்றை முதன்முதலில் அவரிடம் கொடுத்தார்கள். ஏழு வயதுக் கஸ்ஸை மடியில் உட்கார வைத்து யார்டுக்குள் ஓட்டிக் காட்டினாராம். கஸ் இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து அந்த இன்ஜினின் மாதிரியைச் செய்தார். பக்கவாட்டு எழுத்துகளை ஒற்றை மயிர்த் தூரிகையில் எழுதினார். எண் 5762.

ஒரு சனிக்கிழமை அதைக் கொண்டுவந்து தண்டவாளத்தில் வைத்தார். அட்டை எழுதியவன் நான். எமில் வந்தார், குனிந்து பார்த்தார்.

"கஸ், இது ஐம்பத்திரண்டு பிப்ரவரில வந்த இன்ஜின்."

"ஆமா. அதுக்கென்ன?"

"இங்க அக்டோபர். ஐம்பத்தொண்ணு."

"நாலு மாசம்டா எமில். நாலே நாலு மாசம்."

"நாலு மாசமோ நாற்பது வருஷமோ. இங்க பிப்ரவரி வரவே வராது."

"அப்போ எங்கப்பா இங்க வரவே மாட்டாரா?"

"வரலாம். வேற இன்ஜின்ல வரச்சொல்லு."

இப்படித்தான் சொன்னார். சொல்லிவிட்டு இரண்டு கையாலும் அந்த இன்ஜினைத் தண்டவாளத்திலிருந்து தூக்கி, கஸ்ஸின் கையில் கொடுத்தார். கஸ் அதைப் பெட்டியில்கூட வைக்கவில்லை, கோட்டுக்குள் வைத்துக்கொண்டு படியேறிப் போனார். "அட்டையைக் கிழிச்சுடு ரூலன்" என்றார் எமில். கிழித்தேன். பதினொரு ஆண்டுகள் அந்த இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மளிகைக் கடையில் ஒருவர் ஒரு வரிசையில் வந்தால் மற்றவர் அடுத்த வரிசைக்குப் போவார். ஆட்டுக்கறி நின்றது, ரொட்டி நின்றது. எமில் செய்தது தவறு. அவரை இவ்வளவு நேரம் புகழ்ந்த என் வாயால் இதையும் சொல்கிறேன், அது கல்நெஞ்சத்தனம். எங்களில் ஒருவரும் அன்று வாய் திறக்கவில்லை, அது கோழைத்தனம்.

அப்படிப்பட்டவர், பிப்ரவரி வரவே வராது என்றவர், அந்த எண்ணை ஏன் சொன்னார்? அதற்காக முதல் தர ரயிலை ஏன் நிறுத்தினார்?

இரண்டு விதமாக நினைக்கலாம். மனம் மாறி, கஸ்ஸை அழைக்க நினைத்து, அழைக்கத் தெரியாமல், தனக்குத் தெரிந்த ஒரே பாஷையில் ஆணையாகச் சொன்னார் என்று நினைக்கலாம். அல்லது மூளை தடுமாறிப்போய், எந்த இன்ஜின் உள்ளே, எது வெளியே என்பதே மறந்து ஏதோ சொன்னார் என்று நினைக்கலாம். இந்த ஆண்டு ஜனவரியிலிருந்து அவருக்குத் தடுமாற்றம் இருந்தது உண்மை. காரை எடுத்துக்கொண்டு பத்தாண்டுக்கு முன் மூடிய சுரங்கத்துக்கு வேலைக்குப் போனார். நான்தான் கூட்டிவந்தேன்.

ஆட்டம் முடிந்த அன்று, அவர் அறையில் நேரம் குறித்த அந்தப் பெரிய தாளை எடுத்துப் பார்த்தேன். 5762க்கு ஒரு பத்தியே ஒதுக்கி வைத்திருந்தார். ஓட்டுநர் என்ற இடத்தில் "மவ்ராகிஸ்" என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான். நாங்கள் குடும்பப் பெயர் மட்டும்தான் எழுதுவோம். அது கஸ்ஸா? அல்லது முப்பது ஆண்டுக்கு முன் இறந்துபோன கஸ்ஸின் அப்பாவா? யாருக்காகக் காத்திருந்தார்? அந்தத் தாளை மடித்து என் லாரியில், கையுறை வைக்கும் பெட்டிக்குள் ஒளித்து வைத்தேன். ஐந்து வாரம். டேரல் அலமாரிகளைக் கிளறித் தும்மிக்கொண்டிருந்தபோது அந்தத் தாள் வெளியே வாசலில் நின்ற லாரியில் இருந்தது. என்னை மன்னியுங்கள். இதோ, அந்தத் தாளை இந்த மேசைமேல் வைக்கிறேன்.

ஏன் ஒளித்தேன்? எல்லோரும் "பாவம், புத்தி பேதலிச்சுப் போச்சு" என்பீர்கள். அவருடைய கடைசி ஆணை ஒரு நோயாளியின் உளறலாகிவிடும். அதை என்னால் தாங்க முடியவில்லை. அதைவிடப் பெரிய குற்றம் ஒன்று இருக்கிறது. நிலைய மேசைக்கு மேலே எமில் தன் கையால் எழுதி ஒட்டிய விதி இது: "சந்தேகம் இருந்தால் திருப்பிப் படிக்கும் முன் கேள்." எனக்குச் சந்தேகம் இருந்தது. 5762 என்றதும் என் பேனா நின்றது. "எமில், அது கஸ்ஸோட இன்ஜின்தானே?" என்று ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால்! ஆம் என்றோ, ஐயோ தப்பு என்றோ சொல்லியிருப்பார். இன்று எல்லாம் தெளிவாக இருந்திருக்கும். நான் கேட்கவில்லை. அவர் தடுமாறுகிறார் என்று நினைத்தேன், அதை அவர் வாயால் கேட்கக் கூச்சப்பட்டேன். ஒன்றும் நடக்காததுபோல் திருப்பிப் படித்தேன். அவரும் கம்ப்ளீட் என்றார்.

நேற்று மாலை கஸ் வீட்டுக்குப் போனேன். பின்னால் கொட்டகையில் ஆட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். வாளியைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"அவன் தெரிஞ்சு சொன்னானா, தெரியாம சொன்னானா?"

"தெரியல கஸ்."

"என்னடா தெரியல? எழுதினவன் நீதானே. குரல் எப்படி இருந்துச்சு?"

"எப்பவும்போலத்தான் இருந்துச்சு."

"தெரிஞ்சு கூப்பிட்டான்னா நாளைக்கே கொண்டு வர்றேன். பைத்தியத்துல உளறினதுக்கு எங்கப்பா இன்ஜினைத் தூக்கிட்டு வரச் சொல்றியா? இன்னொரு தடவை அதைக் கோட்டுக்குள்ள வெச்சுட்டு அந்தப் படியை நான் ஏற மாட்டேன் ரூலன். எதுன்னு சொல்லு, வர்றேன்."

ஆடு என் கோட்டுப் பையைக் கடித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆணையை ரத்து செய்தால் கஸ்ஸுக்கு வந்த ஒரே அழைப்பை என் கையால் அழித்தவனாவேன். ரத்து செய்யாவிட்டால், இல்லாத அழைப்பைக் காட்டி ஒரு கிழவரை ஏமாற்றியவனாவேன். இரவெல்லாம் எழுதினேன். அதுதான் அந்த மூன்று தாள்.

இன்று காலை, உருளைக்கிழங்குத் தட்டுகளை இங்கே கொண்டுவர லாரூ அம்மையார் வீட்டுக்குப் போனேன். சமையலறையில் அவரிடமும் தாளைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். நான் கேட்டேன், "லாரூ, நீங்க சொல்லுங்க. அவருக்கு அன்னிக்குத் தெளிவு இருந்துச்சா?"

"அந்தச் சனிக்கிழமை காலைல என்னைப் பார்த்து, நீங்க யாரு, எங்கம்மா எங்கேன்னு கேட்டார். ஐம்பத்து மூணு வருஷம் குடும்பம் நடத்தினவளை. தெளிவு இருந்துச்சான்னு என்கிட்ட கேட்காதீங்க ரூலன்."

நான் தாளை மடித்தேன். அவர் தட்டுக்குமேல் துணியைப் போர்த்திக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். அதை அவர் அனுமதியோடு இங்கே சொல்கிறேன்.

கஸ் மவ்ராகிஸ், நீங்கள் வந்திருக்கிறீர்களா? கடைசி வரிசை எனக்குத் தெரியவில்லை, கண்ணாடியை லாரியிலேயே விட்டுவிட்டேன். வந்திருந்தால் கேளுங்கள். வராவிட்டால், வந்தவர்கள் போய்ச் சொல்லுங்கள். நேற்று நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை. தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா? சாகும் வரை எனக்குத் தெரியப்போவதில்லை. லாரூ அம்மையார் சொன்னது மட்டும் தெரியும். அவர் சொன்னார்:

"என் பேரை மறந்துட்டார். கஸ்ஸோட இன்ஜின் நம்பரை மறக்கல."

தோழர்களே, சங்கத்தின் பணியைத் தொடர்வோம் என்று உறுதி கூறித்தான் இப்படிப்பட்ட கூட்டத்தில் பேச்சை முடிக்க வேண்டும். நானும் கூறுகிறேன். புதிய கட்டுப்பாட்டாளனாக என் முதல் முடிவு இது: அந்த ஆணையை நான் ரத்து செய்ய மாட்டேன். நான் எழுதினேன், நான் திருப்பிப் படித்தேன், அவர் கம்ப்ளீட் என்றார். வரும் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குக் கடிகாரத்தை ஓட விடுவோம். மலை உச்சியில் ஒரு தடத்தைக் காலியாக வைத்திருப்போம். அங்கே வைக்கப்படும் இன்ஜின் எந்த மாதத்தில் வந்தது என்று ஒருவரும் கேட்கக் கூடாது. கேட்டால் நான் நடுவழியில் இறக்கி விடுவேன், அது எனக்குப் பழக்கம்தான்.

கஸ், வாருங்கள் என்று உங்களை நான் அழைக்கவில்லை. அழைக்கும் உரிமை எனக்கில்லை. நீங்கள் இந்தச் சனிக்கிழமை வரலாம், அடுத்த ஆண்டு வரலாம், வராமலே போகலாம். பதினேழாம் எண் ரயில் நோலனில் நிற்கும்.